ஒரு வாளி ஆறு

1

அம்மாவின் சுங்குடிப் புடவையை நான்தான் பாழாக்கினேன்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயல் பைபாஸும் சேரும் இடத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நானும் அம்மாவும் இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. பாத்ரூம் நாலுக்கு ஆறு. பால்கனியில் இரண்டு கொடி கட்டலாம், மூன்றாவது கட்டினால் தலை இடிக்கும். இந்த இடத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிக்குச் சாயம் போட உட்கார்ந்தேன்.

அந்தப் புடவை அம்மா மதுரையில் இருந்தபோது முதல் சம்பளத்தில் வாங்கியது. அரக்குச் சிவப்பு, உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். 28 வருடத் துவையலில் அரக்கு வெளிறி வெங்காயச் சருகின் நிறத்துக்கு வந்திருந்தது. கட்டவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். பீரோவின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருப்பார். பிறந்தநாளுக்குப் புதுசாக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கடையில் சிவப்புச் சாயப் பொடி ஒரு பாக்கெட் வாங்கினேன். போர்வெல் தண்ணீரை அண்டாவில் கொதிக்கவைத்து, பொடியைக் கொட்டி, உப்புப் போட்டு, புடவையை முக்கி ஒரு மணிநேரம் கிளறினேன்.

வெளியே எடுத்தபோது மூன்று விஷயங்கள் நடந்திருந்தன. சிவப்பு திட்டுத் திட்டாக ஏறியிருந்தது, முழங்கையில் வந்த தேமல் மாதிரி. வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகி மறைந்துவிட்டன. மூன்றாவது, அது அம்மா பிரியாணி போடுகிற அண்டா.

"அந்த அண்டாவுல இனிமே சமைக்க முடியுமாடா?" என்பதுதான் முதல் கேள்வி. புடவையைப் பற்றி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த துவையலில் அந்தச் சிவப்பும் பாதி கரைந்து என் ஆபீஸ் சட்டையில் ஏறியது. அன்று சாயங்காலம் கொடியிலிருந்து புடவையை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்: "சுங்குடில புள்ளிதான்டா புடவை. அதுல சாயம் ஏறக் கூடாதுன்னுதான் அத்தனை முடிச்சு போடுறாங்க. அப்புறம், எங்க ஊர்ல வைகைத் தண்ணில தோய்ச்சாதான் நெறம் நிக்கும்பாங்க. நீ இந்தப் போர் தண்ணில கொண்டுபோய்…"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். தகவல் மாதிரி சொன்னார். அந்தத் 'தண்ணி' மனதில் மாட்டிக்கொண்டது. சாயம் என்றால் பொடி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முதலில் தண்ணீரின் கதை என்பது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

2

பருத்திக்கு இயல்பிலேயே நிறம் பிடிக்காது. பட்டும் கம்பளியும் விலங்கின் உடம்பிலிருந்து வருபவை, புரதம். சாயங்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பருத்தி வெறும் செல்லுலோஸ். பூ, வேர், பட்டை என்று எதைக் கொதிக்கவைத்து முக்கினாலும் பெரும்பாலானவை அலசினால் போய்விடும். மஞ்சள் ஒரு விதிவிலக்கு, எதையும் கேட்காமல் ஏறிக்கொள்ளும். ஆனால் வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிய எல்லோருக்கும் வைத்தியமும் தெரியும்: நல்ல வெயிலில் ஒருநாள் காயப்போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

ஆகவே நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே ஒரு தரகர் தேவைப்பட்டார். அந்தத் தரகர் படிகாரம். அதில் இருக்கிற அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. இந்த வித்தை இந்தத் துணைக்கண்டத்தில் எவ்வளவு பழையது என்பதற்கு மொகஞ்சதாரோவில் ஒரு சான்று கிடைத்தது. அங்கே கிடைத்த வெள்ளிப் பாத்திரம் ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தித் துணித் துணுக்கு, மஞ்சிட்டி வகைச் சிவப்பில் தோய்க்கப்பட்டது. நாலாயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

தமிழ்நாட்டில் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டிகளாக இருக்கலாம் என்று கருதினார். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தபோது அங்கேயும் ஒரு சாயத்தொட்டி கிடைத்தது. கிரேக்க மாலுமியின் குறிப்பான 'எரித்ரியக் கடலின் பெரிப்ளூஸ்' உறையூர்த் துணியை 'அர்கரு' என்ற பெயரோடு சேர்த்துச் சொல்கிறது.

சோழமண்டலக் கரையின் சிவப்புக்குக் காரணமான செடியின் பெயரே சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். கடற்கரை மணலில் தரையோடு படர்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சின்னச் செடி. அதன் நூல் போன்ற மெல்லிய வேரில் அலிசரின் என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் "இம்பூறல் வேர் இருக்காண்ணே?" என்று கேட்டேன். "யாருக்குத் தம்பி இருமல்?" என்றார் கடைக்காரர். துணிக்கு என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு கடற்கரையையே உலகச் சந்தைக்கு இழுத்துப்போன வேர், இன்றைக்கு இருமல் மருந்தாக டப்பாவில் இருக்கிறது.

3

அந்தச் சிவப்பை எப்படிச் செய்தார்கள் என்று நமக்கு விவரமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்ததுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நம் பூத்துணிகள் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கின. துவைத்தாலும் போகாத நிறம் அங்கே புதுசு. 1734 வாக்கில் பொல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயக்காரர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி, துணித் துண்டுகளோடு, பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்து கேர்தூ பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் என்று மொழியியல் மாணவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 1742 ஜனவரி 18 தேதியிட்ட கடிதம் ஒன்றில், துணியில் நிறம் ஏற்றும் முறையைப் படிப்படியாக எழுதி அனுப்பினார். தகவல் எப்படிக் கிடைத்தது என்பதையும் மறைக்கவில்லை. அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் இந்தத் தொழில் செய்பவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் கேட்டுக்கொண்டார். தலைமுறை தலைமுறையாகக் கைக்குள் இருந்த தொழில் ரகசியம் இப்படித்தான் கப்பல் ஏறியது.

அந்தச் செய்முறையைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலில் துணியை வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அடுத்து படிகாரக் கரைசல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரம் தடவினால் அங்கே மட்டும்தான் சிவப்பு பிடிக்கும், பூ வரைவதன் சூட்சுமம் அதுதான். பிறகு நன்றாக அலச வேண்டும். பிறகு சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்த துணி முழுக்கச் சிவந்து அழுக்காகத் தெரியும். அதை ஆட்டுப் புழுக்கையோ சாணமோ கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, ஆற்றங்கரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் வெள்ளையை மீட்டுத் தரும், படிகாரம் பட்ட சிவப்பு மட்டும் அசையாமல் நிற்கும். இதெல்லாம் முடிய வாரங்கள் ஆகும்.

இதை என் பாத்ரூமில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் 'நன்றாக அலசு' என்று வருகிறது. ஒவ்வொரு படியிலும் 'வெயிலில் விரி' என்று வருகிறது. இது வாளியில் செய்கிற வேலையே இல்லை, ஓடுகிற தண்ணீரும் அதன் கரை மணலும் சேர்ந்த ஒரு முழு ஊரின் வேலை.

சென்னையின் ஊர்ப் பெயர்களே இதைச் சொல்கின்றன. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் நெசவாளர்களுக்காகவே ஒரு குடியிருப்பு உண்டாக்கினார்கள். நூற்பவர்கள், நெய்பவர்கள், துணியில் வரைபவர்கள், சாயம் தோய்ப்பவர்கள், வெளுப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில். சின்னத் தறிப்பேட்டை என்ற அந்தப் பெயர்தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், கூவம் அதைச் சுற்றி வளைந்து போகிறது. மூன்று பக்கமும் தண்ணீர் இருக்கிற இடமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு மின்சார ரயிலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அதே கூவம்.

4

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நல்ல சிவப்புக்குத் தண்ணீரின் குணம் ஒத்துவர வேண்டும் என்பது பழைய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. காரணம் சுண்ணாம்புச் சத்து. அலிசரின், அலுமினியம் இரண்டோடு கால்சியமும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு ஆழமாகவும் உறுதியாகவும் அமைகிறது. அதாவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர், நாம் திட்டிக்கொண்டே குளிக்கிற கடினத் தண்ணீர், இந்தச் சிவப்புக்கு நல்லது.

ஐரோப்பாவில் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவுஸ்மன் என்ற பிரெஞ்சுத் துணி அச்சடிப்பாளர் ரூவான் நகரத்தில் அருமையான சிவப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அல்சேஸ் பகுதிக்குத் தொழிற்சாலையை மாற்றினார். அதே வேர், அதே முறை, ஆனால் சிவப்பு வரவில்லை. புது ஊரின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்று கண்டுபிடித்து, சாயத் தொட்டியில் சுண்ணக்கட்டிப் பொடியைப் போட்ட பிறகே பழைய சிவப்பு திரும்பியது.

என் அண்டாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். இப்போது பாக்கெட்டில் வருகிற சாயங்கள் பலவற்றுக்குக் கால்சியம் ஆகாது. சாயத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகத் திரிந்து துணியில் திட்டாகப் படியும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளைப் படலம் கட்டுகிற எங்கள் போர்வெல் தண்ணீர், பழைய சாயக்காரர் ஒருவருக்குச் சொத்தாக இருந்திருக்கலாம். எனக்கு அது தேமலாக வந்தது.

வைகைத் தண்ணீர் பற்றி அம்மா சொன்னது மதுரையில் பரவலாகச் சொல்லப்படுவதுதான். சுங்குடி நெடுங்காலமாக அங்கே குடியேறிய சௌராஷ்டிரர்களின் தொழில். துணியை நுனிவிரலில் எடுத்து நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு அவிழ்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் நுழையாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று கடைகளில் அந்தப் பெயரில் தொங்குவதில் பெரும்பங்கு மெழுகோ ஸ்க்ரீனோ வைத்து அச்சடித்தவை. முடிச்சுச் சுங்குடியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும், புள்ளி லேசாகக் குமிழ்ந்திருக்கும்.

5

நீலத்தின் கதை வேறு. அதற்குப் படிகாரமும் தேவையில்லை. அவுரி இலையிலிருந்து எடுக்கிற நீலம் தண்ணீரில் கரையாது. கரைய வைக்க அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். அதற்கு நம் ஊரில் சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தாழியில் நாள்கணக்கில் நொதிக்க விடுவார்கள். நொதித்த தொட்டியில் துணியை முக்கி எடுத்தால் மஞ்சள் கலந்த பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். முதல்முறை இதைப் பார்த்தபோது நான் கத்திவிட்டேன். கீழ்வீட்டு ஓனர் அக்கா என்னமோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார். வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எதாச்சும் செத்துக்கிடக்கா பாருங்க" என்றார். நொதிக்கும் அவுரித் தொட்டிக்கு மாட்டுத் தொழுவமும் அழுகிய கீரையும் சேர்ந்த மணம். போர்ஷன் வீட்டுக்கு ஆகாது.

இந்த நீலத்தில்தான் புதுச்சேரி பிழைத்தது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த கருநீலத் துணி புதுச்சேரியிலிருந்து செனகல் வரை போனது. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்க, அந்தத் துணியே பணமாகச் செல்லுபடியானது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது.

இயற்கைச் சாயம் என்றதும் நமக்கு ஒரு புண்ணியக் களை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. வரலாறு அதைச் சீக்கிரம் துடைத்துவிடும். வங்காளத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கடனில் கட்டிப்போட்டு அவுரி போடவைத்ததும், 1859இல் அவர்கள் எதிர்த்து எழுந்ததும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இலங்கையின் வடக்கே, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும், சாயவேர் தோண்டுவதை டச்சுக்காரர்கள் அரசின் ஏகபோகமாக வைத்திருந்தார்கள். வேர் தோண்டுவது அங்கே குறிப்பிட்ட சாதிக்காரர்கள் மேல் விழுந்த கட்டாய ஊழியம், விலையை நிர்ணயித்ததும் ஆட்சியாளர்கள்தான். வேர் இயற்கையானது, தோண்டவைத்த முறை அப்படி இல்லை.

6

பிறகு ஆற்றை மடித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை தொடங்கியது.

1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு மருந்து செய்யப்போய் தவறுதலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தார், மூலப்பொருள் நிலக்கரித் தார். 1868இல் ஜெர்மனியில் கிரேபேவும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினார்கள். சாயவேரின் உயிர் ஒரு குடுவைக்குள் வந்துவிட்டது. சில பத்தாண்டுகளில் நம் கடற்கரையில் வேர் தோண்டுவது கட்டுப்படியாகாத வேலையானது. 1884இல் காங்கோ ரெட். பருத்தியில் படிகாரம் இல்லாமல் நேராக ஏறிய முதல் செயற்கைச் சாயம் அது. கொதிக்கவைத்து உப்புப் போட்டால் போதும், ஆனால் துவைக்கத் துவைக்கக் கரையும். நான் வாங்கிய பாக்கெட்டும் அந்த வம்சம்தான் என்று அது நடந்துகொண்ட விதத்தில் தெரிகிறது. 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

வீட்டில் சாயம் போடுகிறவர்களுக்கு முக்கியமான வருடம் 1956. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த 'புரோசியான்' அந்த வருடம் விற்பனைக்கு வந்தது. இந்தச் சாயம் தரகர் கேட்பதில்லை. சலவைச் சோடா போட்ட பச்சைத் தண்ணீரிலேயே பருத்தி நூலோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. அடுப்பு வேண்டாம், கடுக்காய் வேண்டாம், ஆற்றங்கரை வேண்டாம், ஒரு வாளி போதும். எந்த அபார்ட்மெண்ட்டிலும் யாரும் டி-ஷர்ட்டுக்கு நிறம் போடலாம் என்ற நிலை இதற்குப் பிறகுதான் வந்தது.

நடுவில் ஒரு வேடிக்கை. 1958 வாக்கில் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போய் சட்டைகளாக விற்றது. தனியாகத் துவைக்க வேண்டும் என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, வாஷிங் மெஷினில் சாயம் கரைந்து மற்ற துணியெல்லாம் ரணகளமானது. வழக்கு வரும் போலிருந்தபோது, 'சாயம் கண்டிப்பாகப் போகும், உத்தரவாதம்' என்ற தொனியில் விளம்பரம் செய்து அதையே பெருமையாக மாற்றிவிட்டார்கள் என்பது துணி வியாபாரிகள் விரும்பிச் சொல்கிற கதை. 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று அதற்குப் பெயரே வந்தது. இதை அம்மாவிடம் சொல்லி என் ஆபீஸ் சட்டைக்கு நியாயம் தேடினேன். "அமெரிக்காக்காரனுக்கு நாலு சட்டை இருக்கும்" என்றார்.

7

பொட்டலத்துக்குள் மடிக்கப்பட்ட ஆறு காணாமல் போய்விடவில்லை. வேறு இடத்தில் வெளியே வந்தது.

புரோசியான் வகைச் சாயங்கள் நூலோடு முழுதாகச் சேர்வதில்லை. ஒரு கணிசமான பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, அலச அலச வந்துகொண்டே இருக்கும். சாயத்தைத் துணிக்குள் தள்ளப் போடுகிற உப்பு ஒரு துளிகூடத் துணியில் தங்காது, அத்தனையும் கழிவோடு போகும். என் வாளியில் அது ஒரு கைப்பிடி உப்பு. திருப்பூரில் டன் கணக்கு.

நொய்யல் ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைத் திறந்தார்கள். அணை சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகிப் போனது. கீழே கரூர் வரை இருந்த விவசாயிகள், இந்தத் தண்ணீரை எங்களுக்குத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கிற நிலை வந்தது. அணை கட்டச் சொல்லிப் போராடிய விவசாயிகளை நமக்குத் தெரியும், அணைத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போனவர்கள் இவர்கள். மண்ணைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். சொட்டுக் கழிவுகூட வெளியே வரக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். வேலை இழந்தவர்களும் ஏழைகள், வயலை இழந்தவர்களும் ஏழைகள். யார் பக்கம் நிற்பது என்று அப்போது செய்தி படித்த யாருக்கும் சுலபமாக இருந்திருக்காது.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். தாம்பரத்திலிருந்து பீச் ரயிலில் ஏறினால் சானடோரியம் தாண்டி அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. குரோமியம் உப்பில் தோலைப் பதனிடுவது அப்போது புது முறை. குரோமியம் என்ற பெயரின் மூலம், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதன் உப்புகள் விதவிதமான நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் 'நிறப்பேட்டை'யில் ஏறி இறங்குகிறோம். அந்த வட்டாரத்துத் தோல் ஆலைகள் பல்லாவரம் பக்கத்து நிலத்தடி நீரை என்ன செய்தன என்று அங்கே பழைய கிணறு வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

8

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வாளியைத் தொடவே கொஞ்ச நாள் கை வரவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். சாயம் போடுவதாக இருந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது இரண்டையும் கணக்கு வைக்க வேண்டும். சமையலறைப் பின்பக்கம் ஒரு நோட்டு தொங்குகிறது.

முதலில் பாத்திரங்களைப் பிரித்தேன். ஒரு எவர்சில்வர் அண்டா, இரண்டு வாளி, ஒரு மரக்கரண்டி, எதுவும் சமையலறைக்குப் போகாது. பொடியை அளக்கும்போது மாஸ்க், கையுறை, ஃபேன் அணைப்பு. டைல்ஸ் கறையாகாமல் இருக்கத் தரையில் பழைய பேனர் ஒன்றை விரித்துக்கொள்வேன். ஏதோ ஒரு கட்சியின் தலைவர் என் பாத்ரூம் தரையில் கைகூப்பிக்கொண்டிருப்பார், பல நிறங்களில்.

100 கிராம் துணிக்கு ரசாயனச் சாயத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோய்க்க 2 லிட்டர். பிறகு அலசல், நிறம் நிற்கும்வரை ஏழு தடவை, தடவைக்கு 3 லிட்டர். மொத்தம் 23 லிட்டர். ஒரு புடவை அரைக் கிலோ என்றால் 115 லிட்டர். வாட்டர் கேன் கணக்கில் கிட்டத்தட்ட ஆறு கேன். அந்தத் தண்ணீர் வீட்டு செப்டிக் டேங்குக்குப் போகிறது. அங்கிருந்து லாரி எடுத்துப்போகிறது. மழைக்காலத்தில் டேங்க் நிரம்பித் தெருவுக்கு வந்தால், எங்கள் பக்கத்து வெள்ளம் முடிச்சூர் வழியாக அடையாற்றைத் தேடிப் போகும். 2015இல் அது எப்படிப் போனது என்று இங்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் இப்போது கைக்குட்டை, துண்டு, தலையணை உறை என்று சின்னதாகத்தான் செய்கிறேன். ரசாயனச் சாயம் என்றால் மொட்டைமாடி மழைத் தண்ணீரை வடகிழக்குப் பருவத்தில் பிடித்து வைத்துக்கொள்வேன். அதில் கால்சியம் இல்லை, திட்டு விழுவதில்லை. அலசிய தண்ணீரில் கடைசி இரண்டை எடுத்துவைத்து அடுத்த துணியின் முதல் அலசலுக்குப் பயன்படுத்துவேன். ஒரு வாளியாவது மிஞ்சும்.

போன தை மாதம் மஞ்சிட்டி வாங்கிவந்தேன். இம்பூறல் வேர் என்னால் தோண்டவோ வாங்கவோ முடியாது, மஞ்சிட்டியும் அதே குடும்பம்தான். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் அதே நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன. 1742ஆம் வருடக் கடிதத்தின் முக்கால்வாசி ஒரே கடையில். "இன்னைக்கு யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் கடைக்காரர். "துணிக்குத்தாண்ணே" என்றேன். இந்த முறை சிரித்தார்.

வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை முதல் நாள் கடுக்காயில் ஊறவைத்துக் காயவைத்தேன். இரண்டாம் நாள் படிகாரம். மூன்றாம் நாள் மஞ்சிட்டியைப் போர்வெல் தண்ணீரிலேயே போட்டேன். கொதிக்க விடக் கூடாது, கொதித்தால் பழுப்பாகிவிடும். கை வைத்தால் சுடுகிற சூட்டில் ஒரு மணிநேரம். பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரத்தில், சோதனைக்காக, மழைத் தண்ணீரில் ஒரு துண்டு.

துணியை முக்கப்போகும்போது அம்மா வந்து நின்றார். "குடு அதை" என்று வாங்கிக்கொண்டார். வாசல்படியில் உட்கார்ந்து, தையல் நூலை நாலு இழையாக்கி, துணியை நகத்தால் கிள்ளி எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டில் முடிச்சு போடுவதைச் சின்ன வயதில் பார்த்துக் கற்றுக்கொண்டதாம், இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு மணிநேரத்தில் நாற்பது முடிச்சு. "அவங்க வீட்டுப் பாட்டி இந்நேரம் முந்நூறு போட்டிருக்கும்" என்றார்.

சாயங்காலம் இரண்டு துண்டையும் அலசிக் கொடியில் போட்டோம். மழைத் தண்ணீரில் தோய்த்தது வெளிர் ஆரஞ்சாக வந்திருந்தது. போர்வெல் தண்ணீரில் தோய்த்தது சிவப்பு. செங்கல்லுக்கும் அரக்குக்கும் நடுவில் ஒரு சிவப்பு. மறுநாள் முடிச்சுகளை ஊசியால் நெம்பி அவிழ்த்தபோது நாற்பதில் முப்பத்தொரு புள்ளிதான் வெள்ளையாக இருந்தது. ஒன்பதில் நூல் நெகிழ்ந்து சாயம் உள்ளே போய்விட்டிருந்தது.

அம்மா அந்த ஒன்பதையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "நூலு சரியில்ல. அடுத்த தடவை கெட்டி நூலா வாங்கிட்டு வா" என்றார்.